இரவுப் பணியில் யாரும் தனியாக நிற்கக் கூடாது

மருத்துவமனையில் அடி வாங்குபவர் பெரும்பாலும் கோபத்துக்குக் காரணமானவர் அல்ல. அந்த நேரத்தில் கண்ணெதிரே நின்றவர். வென்டிலேட்டர் காலி இல்லாததற்கும், ஸ்கேன் எடுக்க ஆள் இல்லாததற்கும், நேரம் கடந்த பிறகு ரெஃபர் செய்ததற்கும் பொறுப்பானவர்கள் எங்கெங்கோ இருப்பார்கள். நள்ளிரவில் கேஷுவாலிட்டியில் இருப்பதோ ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு பி.ஜி., இரண்டு சிஸ்டர்கள். இறந்தவரின் உறவினர்கள் முப்பது பேர் திரண்டு வந்து "யாருடா டாக்டர் இங்க?" என்று கேட்கும்போது, படிப்பு முடித்து ஓராண்டுகூட ஆகாத பிள்ளைதான் முன்னால் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்படும் ஏற்பாடுகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: அந்தப் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். கெட்ட செய்தி சொல்லும் இடத்தில், பரிசோதனை அறையில், காவல் நிலையத்தில், சில ஆண்டுகள் கழித்து நீதிமன்றப் படியில், எங்குமே தனியாக விடாதீர்கள். பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகவும் சிறிய ஆஸ்பத்திரி நடத்துபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். டீன்களும் நிலைய மருத்துவ அலுவலர்களும் படித்தால் இன்னும் நல்லது. முடிவெடுக்கும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது.

நடந்தவற்றிலிருந்து தொடங்குவோம்

2023 மே 10 விடியற்காலை, கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனை. காயத்துடன் ஒருவரைப் போலீசார் அழைத்து வருகிறார்கள். காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் வெறிகொண்டு, கைக்கெட்டிய அறுவைக் கத்தரிக்கோலை எடுத்துச் சுற்றியிருந்தவர்களைக் குத்தத் தொடங்கினார். மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். ஹவுஸ் சர்ஜன் வந்தனா தாஸால் தப்ப முடியவில்லை. பல இடங்களில் குத்துப்பட்டு இறந்துபோனார். அந்த மனிதருக்கு வந்தனா தாஸ் மீது எந்தப் பகையும் இல்லை. உடன் போலீஸ் வந்திருக்கிறது என்ற எண்ணமே பாதுகாப்பு ஆகிவிடாது என்பதையும், கூரான கருவி எங்கே இருக்கிறது என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதையும் அந்த விடியல் நமக்குக் காட்டியது.

2024 நவம்பர் 13, சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனை. புற்றுநோய்ப் பிரிவு மருத்துவரை, அங்கே கீமோதெரபி பெற்றுவந்த ஒரு பெண்மணியின் மகன் அறைக்குள் வைத்துக் கத்தியால் குத்தினார். மருத்துவர் பிழைத்தார். இது அந்த நொடியில் மூண்ட கோபம் அல்ல. அம்மாவுக்குச் சிகிச்சை சரியாக நடக்கவில்லை என்ற மனக்குறை வெகுநாளாக உள்ளே ஊறிக் கிடந்திருக்கிறது. அந்தக் குறையை இறக்கி வைக்க ஓர் இடம், காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள், பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இல்லை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில் ஒரு முதுநிலை மாணவி, நீண்ட பணிக்கு நடுவே செமினார் அறையில் படுத்திருந்தபோது பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்து, மருத்துவர் பாதுகாப்புக்கெனத் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அங்கே தாக்கியவர் நோயாளியின் உறவினர்கூட அல்ல. பூட்டக்கூடிய ஓர் ஓய்வறை அந்தப் பெண்ணுக்கு இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

மூன்றும் மூன்று வகை. தன் நிலையில் இல்லாத நோயாளி, குறை முற்றிய உறவினர், வெளியாள். ஒன்றுக்குச் செய்யும் ஏற்பாடு மற்றொன்றுக்கு உதவாது. "வாசலில் இரண்டு செக்யூரிட்டி போட்டாச்சு" என்று நிர்வாகம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

உயிர் போகும் தாக்குதல் அரிது. வசவு, மிரட்டல், சட்டையைப் பிடித்து உலுக்குவது, கன்னத்தில் அறைவது ஆகியவை அரிதல்ல. உலகச் சுகாதார நிறுவனக் கணக்குப்படி மருத்துவப் பணியாளர்களில் 8 முதல் 38 சதவீதம் பேர் தங்கள் பணிக்காலத்தில் ஒரு முறையாவது உடல்ரீதியான தாக்குதலுக்கு ஆளாகிறார்கள். வசவைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் ஏறும். வசவை நாம் எழுதி வைப்பதே இல்லை. எழுதி வையுங்கள். எந்த வார்டில், எந்த நேரத்தில், எதை முன்னிட்டு என்று ஒரு நோட்டில் வரி வரியாகச் சேர்ந்தால், எங்கே நெருப்பு பற்றப்போகிறது என்பது அதிலேயே தெரியும்.

கோபம் ஏறும் இடங்கள்

இடங்கள் கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் ஒன்றுதான். கேஷுவாலிட்டி வாசல். ஐ.சி.யு.வின் மூடிய கதவு. பிரசவ அறைக்கு வெளியே உள்ள பெஞ்சு. பில் கவுன்டர். "இங்க முடியாது, ஜி.எச்.சுக்குக் கொண்டு போங்க" என்று ரெஃபர் செய்யும் நொடி. உயிரில்லாமலே கொண்டுவரப்பட்ட உடலைப் போஸ்ட்மார்ட்டம் செய்ய வேண்டும் என்று சொல்லும் நொடி.

இங்கெல்லாம் பொதுவாக இருப்பது, உள்ளே நடப்பது வெளியே இருப்பவருக்குத் தெரியாத நிலை. ஐ.சி.யு. கதவுக்குப் பின்னால் நான்கு பேர் மூச்சுவிட நேரமில்லாமல் ஒருவரைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருப்பார்கள். வெளியே இருப்பவருக்குத் தெரிவது மூடிய கதவும், மருந்துச் சீட்டை நீட்டும் கையும் மட்டுமே. மூன்று மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், கடைசியில் "சீரியஸ், கையெழுத்துப் போடுங்க" என்றால், ஏதோ தப்பு நடந்துவிட்டது, மறைக்கிறார்கள் என்றுதான் எவருக்கும் தோன்றும். கையெழுத்து வாங்கியது கேஸ் ஷீட்டுக்குப் போதும். அந்தக் குடும்பத்துக்குப் போதாது.

ஆகவே ஆபத்தான நிலையில் உள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு பேரை முடிவு செய்துகொள்ளுங்கள். நம் தரப்பில் பேசுபவர் ஒருவர், குடும்பத்தின் தரப்பில் கேட்பவர் ஒருவர். நம் தரப்பில் அது ஹவுஸ் சர்ஜனாக இருக்கக் கூடாது. குறைந்தது உதவிப் பேராசிரியராவது, அவர் இல்லாத நேரத்தில் மூத்த பி.ஜி.யாவது இருக்க வேண்டும். மணிக்கொரு தடவை இரண்டு நிமிடம் வெளியே வந்து சொன்னால் போதும். மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து, "இன்னும் அதே நிலைமைதாங்க, பி.பி. மருந்து ஓடிக்கிட்டிருக்கு" என்று சொல்ல வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு நேரம் இல்லை என்பவர்களுக்கு என் பதில்: கலவரம் நடந்தால் அந்த இரவு முழுவதும் போய்விடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும், நம்மவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. வேறு ஆஸ்பத்திரியின் சீட்டைப் பார்த்து, "யார் இப்படிப் பண்ணினது? முன்னாடியே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே" என்று போகிறபோக்கில் சொல்லிவிடுகிறோம். முழு கேஸ் ஷீட்டையும் பார்க்காமல் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைக் குடும்பம் நெஞ்சில் சுமந்துகொண்டு போகிறது. சுமை யார் வாசலில் போய் வெடிக்கும் என்று நமக்குத் தெரியாது.

இறப்பைச் சொல்லும் விதம்

கெட்ட செய்தி சொல்வதற்குப் படிப்படியான முறை உண்டு. ராபர்ட் பக்மன் என்ற புற்றுநோய் மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் 2000-ல் வெளியிட்ட ஸ்பைக்ஸ் என்ற ஆறு படி முறை உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. இடத்தை ஒழுங்குசெய்வது, அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு கேட்கத் தயாராக இருக்கிறார்கள் என்று அறிவது, சொல்வது, அவர்கள் உணர்ச்சிக்கு இடம் கொடுப்பது, அடுத்து என்ன என்று விளக்குவது. நம் ஊர் கேஷுவாலிட்டியில் அது எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

முதலில் ஓர் அறை. அறை இல்லாவிட்டால் சிஸ்டர் ரூம், அதுவும் இல்லாவிட்டால் வராந்தா மூலையில் நாற்காலிகள். போகும் முன் கோட்டிலும் கையுறையிலும் ரத்தம் இருக்கிறதா என்று பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சிஸ்டரையோ சமூகப் பணியாளரையோ உடன் அழைத்துப் போங்கள். கதவுக்கு அருகே நீங்கள் இருங்கள். அவர்கள் உட்கார்ந்த பிறகு நீங்களும் உட்காருங்கள். நின்றுகொண்டே சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் சண்டைக்கு முதல் படி.

"ஐயா, நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"பெரிய பையன் சார்."

"உட்காருங்க. அம்மாவையும் உட்கார வையுங்க. அப்பாவைக் கொண்டு வரும்போது எப்படி இருந்தாருன்னு நீங்க பார்த்தீங்கல்ல?"

"பேச்சு மூச்சே இல்ல சார். வண்டியிலேயே ஒரு மாதிரி ஆயிட்டாரு."

"ஆமாங்க. வந்ததுமே இதயத் துடிப்பு ரொம்பக் குறைவா இருந்துச்சு. நெஞ்சை அழுத்தி, குழாய் போட்டு மூச்சு கொடுத்தோம், மருந்து ஏத்தினோம். முக்கால் மணி நேரம் விடாமப் பண்ணினோம். வருத்தமா இருக்குங்க ஐயா, அப்பா இறந்துட்டாரு."

சொன்ன பிறகு பேசாதீர்கள். அழட்டும், கத்தட்டும், சுவரில் தலையை முட்டிக்கொண்டால் பிடித்துக்கொள்ளுங்கள். "எக்ஸ்பயர்டு", "கொலாப்ஸ்" என்று பூசி மெழுகாமல் இறந்துட்டாரு என்றே சொல்லுங்கள்; புரியாமல் பாதி நம்பிக்கையோடு வெளியே போன குடும்பம், சில நிமிடங்கள் கழித்துப் புரிந்ததும் இரண்டு மடங்கு கோபத்தோடு திரும்பி வரும். உடலை உடனே பார்க்க விடுங்கள். போஸ்ட்மார்ட்டம், ஆதார் நகல், டெத் சர்டிபிகேட் பற்றிய பேச்சு அதன் பிறகுதான். பில் பாக்கிக்காக உடலைத் தராமல் வைத்திருப்பது மனிதத்தன்மை அற்றது. தேசிய மனித உரிமை ஆணையம் வகுத்த நோயாளி உரிமை சாசனத்துக்கும் எதிரானது. தனியார் ஆஸ்பத்திரிகளில் நடக்கும் எத்தனையோ அடிதடிக்கு இதுவே மூலம். கணக்குப் பிரிவுக்கு இதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.

அறை, கருவி, ஆள்

பரிசோதனை அறையில் மேசையை எப்படிப் போட்டிருக்கிறீர்கள்? பெரும்பாலும் மருத்துவர் சுவரோரம், வந்தவர் கதவோரம். தப்பிக்கும் வழியை வந்தவர் மறித்திருக்கிறார். மேசையைத் திருப்பிப் போடக் காசு செலவில்லை, நாளைக்கே செய்யலாம். கத்தரிக்கோல், பிளேடு உள்ள தட்டு நோயாளியின் கைக்கெட்டாத பக்கத்தில், மூடியோடு இருக்கட்டும். தையல் முடிந்ததும் எண்ணி எடுத்துவிடுங்கள். ஐ.வி. ஸ்டாண்டு, காலி சிலிண்டர், உடைந்த ஸ்டூல் எதையும் வராந்தாவில் விட்டு வைக்காதீர்கள்.

உடன் இருப்பவர் கட்டுப்பாடு கடினமானது, ஆனால் தவிர்க்க முடியாதது. ஒரு நோயாளிக்கு இரண்டு பேர், அவர்களுக்கு அடையாளப் பட்டை. மற்றவர்களுக்கு வெளியே நிழலும் குடிநீரும் நாற்காலியும் கொடுத்துவிட்டு இதைச் செய்ய வேண்டும். வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே விடாமல் தடுத்தால் வாசலிலேயே தகராறு தொடங்கிவிடும்.

அழைப்பு மணி ஒன்று ஒவ்வொரு டூட்டி இடத்திலும் மேசைக்கு அடியில் இருக்கட்டும். அதை அழுத்தினால் எங்கே ஒலிக்கும், யார் ஓடி வருவார்கள் என்பது முக்கியம். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், குறிப்பாக இரவில். மணி இருந்தும் அதன் மறுமுனையில் ஆள் இல்லாத ஆஸ்பத்திரிகளே அதிகம். ஒலிபெருக்கியில் சொல்ல ஒரு குறிச்சொல் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டதும் பக்கத்து வார்டு மருத்துவர்களும் ஆண் பணியாளர்களும் அவுட்போஸ்ட் போலீசும் வந்து நிற்க வேண்டும். பல நேரம் எட்டுப் பேர் அமைதியாக வந்து நிற்பதே போதும், ஓங்கிய கை இறங்கிவிடும்.

டூட்டி அறைக்கு உள்தாழ்ப்பாள், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, ஹாஸ்டலுக்கும் வார்டுக்கும் இடையே அணையாத விளக்கு. இவற்றைக் கேட்டு வாங்கப் போராட்டம் நடத்த வேண்டியிருக்கிறது என்பது வேதனை. பாலியல் தொந்தரவு பற்றிய புகார்களுக்கு, பத்துப் பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் எந்த இடத்திலும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். உங்கள் குழுவின் தலைவர் யார் என்று இன்றே விசாரித்து வையுங்கள்.

போலீஸ் அழைத்து வருபவரையும், குடிபோதையில் வருபவரையும், நிலைகொள்ளாமல் கத்துபவரையும் தனியே பரிசோதிக்காதீர்கள். இன்னொருவர் அறைக்குள் இருக்கட்டும், போலீஸ்காரர் கைக்கெட்டும் தொலைவில் நிற்கட்டும். அதோடு, முரண்டு பிடிப்பவர் எல்லாரும் ரவுடி அல்ல. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தவர், ஆக்சிஜன் குறைந்தவர், தலையில் அடிபட்டவர், மது நிறுத்தியதால் நடுக்கம் கண்டவர் எல்லாருமே அடிக்க வருவார்கள். முதலில் விரலைக் குத்திச் சர்க்கரை பாருங்கள், ஆக்சிஜன் அளவு பாருங்கள். குளுக்கோஸ் ஏறியதும் கைகூப்பி மன்னிப்புக் கேட்கும் நோயாளியைக் கேஷுவாலிட்டியில் வேலை செய்த எவரும் பார்த்திருப்பார்கள்.

கை ஓங்கும் முன் உடல் காட்டிக்கொடுக்கும். முறைத்துப் பார்ப்பது, குரல் மாறுவது, பதற்றம், தனக்குத்தானே முணுமுணுப்பது, இங்கும் அங்கும் நடப்பது ஆகிய ஐந்தையும் அவசரப் பிரிவுச் செவிலியப் பணியை ஆராய்ந்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2007-ல் தொகுத்தார்கள். இதைப் பார்த்ததும் அழைப்பு மணியை அழுத்திவிடுங்கள், வீண் அலாரம் ஆனாலும் யாரும் குறை சொல்லக் கூடாது. இரண்டு கை நீளம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள். கைகள் தெரியட்டும். "கத்தாதீங்க" என்று சொல்லாதீர்கள். "என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க, கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். அவர் முகத்துக்கு நேரே செல்போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள். அப்படியும் கை நீண்டால் வாதாடாமல் வெளியேறிவிடுங்கள். ஐ.சி.யு. கதவை உள்ளிருந்து பூட்டச் சொல்லுங்கள். 112-க்கோ 100-க்கோ அழையுங்கள். ஓடுவதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

அடி விழுந்த பிறகு

எல்லாருக்கும் ஏ.ஆர். என்ட்ரி போடும் மருத்துவர் தனக்கு ஒன்று போட மறந்துவிடுகிறார். அடிபட்டவுடன் வேறொரு மருத்துவரிடம் முறைப்படி பரிசோதனை செய்துகொண்டு காயங்களைப் பதிவேட்டில் எழுத வைக்க வேண்டும். காயத்தைப் புகைப்படம் எடுங்கள். கிழிந்த கோட்டைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள். சி.சி.டி.வி. பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும்; அன்றைக்கே பிரதி எடுத்து, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு காவல் துறையிடம் கொடுக்க வேண்டும். நோயாளியின் கேஸ் ஷீட்டில் விட்டுப்போனதை எழுதுவதானால் எழுதும் தேதியும் நேரமும் போட்டு எழுதுங்கள். பழைய வரிகள் மேல் கை வைக்காதீர்கள். ஒரு திருத்தல் வழக்கையே கவிழ்த்துவிடும்.

புகார் நிறுவனத்தின் பெயரில் போக வேண்டும். நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். அடிபட்டவரைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்பி உட்கார வைக்காதீர்கள். நிலைய மருத்துவ அலுவலரோ கண்காணிப்பாளரோ, தனியார் என்றால் நிர்வாகியோ கையெழுத்திட்டு, நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆர்.ஜி. கர் சம்பவத்துக்குப் பின் 2024 ஆகஸ்டில், தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனமே புகார் பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு மருத்துவமனைகளின் தலைவர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது. அந்தக் கெடுவை எல்லா ஆஸ்பத்திரிகளும் தமக்கும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் இதற்கெனச் சட்டம் உண்டு. 2008-ஆம் ஆண்டின் 48-ஆம் சட்டம். மருத்துவப் பணியாளர் மீதான வன்முறையையும் ஆஸ்பத்திரிச் சொத்துச் சேதத்தையும் தடுப்பதற்கானது. அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தும். மருத்துவர், செவிலியர், மருத்துவ மாணவர் எல்லாரும் அடக்கம். தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை, அபராதம். போலீசாரே கைது செய்யலாம், ஸ்டேஷனில் ஜாமீன் கிடையாது. புகாரில் இந்தச் சட்டத்தின் பெயரை எழுத வேண்டும். எழுதாவிட்டால் சாதாரணத் தகராறு என்ற பிரிவில் வழக்குப் பதிவாகி மாலைக்குள் வெளியே வந்துவிடுவார்கள். அரசு மருத்துவர் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 121, 132 பிரிவுகளும் சேரும். சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தி அடைந்துவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், புகார் கொடுத்தவருக்கு அது இலவசமாகக் கிடைக்க வேண்டும்.

சட்டம் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. அது வந்து நான்கு ஆண்டுகள்கூட ஆகாத 2012 ஜனவரியில், தூத்துக்குடியில் ஒரு பெண் மயக்கவியல் மருத்துவர், இறந்துபோன கர்ப்பிணியின் கணவரால் வெட்டிக் கொல்லப்பட்டார். பிறகு கிண்டி. முன்னேற்பாடுகளுக்கு இத்தனை பக்கம் ஒதுக்கி, சட்டத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கியது அதனால்தான்.

குடும்பத்துக்கும் வழி சொல்ல வேண்டும். சிகிச்சையில் தவறு என்று அவர்கள் நம்பினால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், போலீசிலும் புகார் கொடுக்கலாம். கேஸ் ஷீட் நகல் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. கேட்ட அன்றே கொடுங்கள். காகிதம் கைக்கு வந்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். மருத்துவர் மீது கவனக்குறைவு வழக்குப் போடும் முன் வேறொரு தகுதியான மருத்துவரின் சார்பற்ற கருத்தைப் பெற வேண்டும், வழக்கமான கைது கூடாது என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2005-ல் கூறியிருக்கிறது. இளம் மருத்துவர்கள் இதைத் தெரிந்துவைத்திருந்தால் ஸ்டேஷன் மிரட்டலுக்கு நடுங்க மாட்டார்கள். உண்மையிலேயே தவறு நடந்திருந்தால் மறைக்காமல் விசாரணைக்கு உட்படுவதுதான் முறை. அதற்கும் அடிதடிக்கும் சம்பந்தமில்லை.

சில நாட்களில் "சமாதானமாப் போயிடலாம் டாக்டர், அவங்களும் துக்க வீடு" என்று யாராவது வருவார்கள். கட்சிக்காரராக இருக்கலாம், நம் சங்கத்து ஆளாகவே இருக்கலாம். அந்தப் பேச்சை அடிபட்டவரிடம் நேராக விடாதீர்கள், நிர்வாகமே பதில் சொல்லட்டும். தாக்கியவரின் நோயாளி இன்னும் படுக்கையில் இருந்தால் சிகிச்சை தொடர வேண்டும். நோயாளி ஒரு குற்றமும் செய்யவில்லை. அடிபட்ட மருத்துவருக்குப் பதிலாக வேறொருவர் பார்க்கட்டும்.

அடிபட்டவரை அன்றிரவே மறுபடி டூட்டியில் நிறுத்தாதீர்கள். தூக்கம் வராது, கதவு சத்தம் கேட்டால் திடுக்கிடுவார், "நான் சரியாப் பேசியிருந்தா இது நடந்திருக்காதோ" என்று தன்னையே நொந்துகொள்வார். சில வாரங்கள் கழித்தும் அது தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். திரும்பி வரும் முதல் இரவு மூத்தவர் ஒருவர் கூடவே டூட்டி பாருங்கள்.

வழக்கு விசாரணைக்கு வரும்போது ஹவுஸ் சர்ஜன் வேறு ஊரில் பி.ஜி. படித்துக்கொண்டிருப்பார், சிஸ்டர் மாற்றலாகிப் போயிருப்பார், சம்மன் பழைய ஹாஸ்டல் முகவரிக்குப் போய்த் திரும்பி வரும். சாட்சி வராததால் வழக்கு கரைந்துபோகும். ஆகவே வாக்குமூலம் கொடுக்கும் அன்றே, பார்த்த ஒவ்வொருவரின் நிரந்தர முகவரியையும், பெற்றோரின் கைபேசி எண்ணையும் கொடுக்கச் செய்யுங்கள். ஒரு நகலை ஆஸ்பத்திரி அலுவலகத்தில் தனிக் கோப்பாக வைத்து, அதற்கு ஓர் ஊழியரைப் பொறுப்பாக்குங்கள். வாய்தா தேதி வந்ததும் அவர் அழைத்துச் சொல்லட்டும். சாட்சிக்கு அன்றைக்குப் பணி விடுப்பும் பயணச் செலவும் ஆஸ்பத்திரி கொடுக்கட்டும், கூடவே ஒருவர் நீதிமன்றத்துக்குப் போய் வரட்டும்.